பயிற்சி வகுப்பில் பக்கத்து நாய் வாய் வைக்கிறது: சொல்வதா, விலகுவதா?

மிளகு_அம்மா (மடிப்பாக்கம்) | ஞாயிறு, பகல் 11.40

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி. இன்றைக்குக் கோபத்தில் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மிளகு 14 மாதப் பெண் நாய். சிப்பிப்பாறைக் கலப்பு என்று நினைக்கிறோம். நீள மூஞ்சி, ஒட்டிய வயிறு, குச்சிக் கால். பள்ளிக்கரணைப் பக்கம் ரோட்டோரத்தில் கிடந்த குட்டி. மனிதர்களிடம் வாலாட்டிக் குழைவாள், ஆனால் வேறு நாயைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அந்தப் பயம் தெளியட்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக் குழு வகுப்பில் சேர்த்தோம். ஒன்பது நாய்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு உதவிப் பையன்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு பெல்ஜியன் மலினாய்ஸ் வருகிறது. பெயர் டைசன், பத்து மாதம். அழைத்துவருபவர் அறுபது தாண்டிய ஒரு சார். நல்ல மனிதர், வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்வார். அவர் கையில் இருப்பது பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகிற லீஷ். வட்டமாக நடக்கச் சொன்னால் டைசன் முன்னால் போகும் நாயின் பின்னங்காலை வெடுக்கென்று கவ்வி விட்டுவிடும். குரைப்பு கிடையாது, உறுமல் கிடையாது, ஒரே நொடிதான். முதலில் ஒரு லாப்ரடார், அடுத்த வாரம் ஒரு பீகிள், அதற்கடுத்து ஒருவருடைய பேண்ட். சார் உடனே "விளையாடுதும்மா, ஒண்ணும் பண்ணாது" என்பார். லாப்ரடார்காரர் சிரித்துவிட்டுப் போனார். பயிற்சியாளர் "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்.

இன்றைக்கு மிளகின் முறை. தொடையில் கவ்வியது. அவள் அலறிக்கொண்டு பின்னால் இழுத்ததில் கழுத்துப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிட்டது. நேராகக் கேட்டைப் பார்த்து ஓடினாள். வெளியே பேருந்து போகிற ரோடு. பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்த ஒரு தம்பி சட்டென்று கேட்டைச் சாத்தியதால் தப்பித்தாள். தொடையில் தோல் கிழிந்து மூன்று தையல்.

சார் பதறிப்போய் ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறேன் என்றார். ஆனால் கூடவே, "உங்க நாய்க்குத் தோல் ரொம்ப மெல்லிசு போல" என்றும் சொன்னார். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. என் அப்பா வயசு மனிதரிடம் என்னவென்று சொல்வது? பத்து வகுப்புக்கு முன்பணம் கட்டியாயிற்று, ஆறு பாக்கி. வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பகையாகிவிடுமா?


கன்னி_கோவில்பட்டி | ஞாயிறு, பகல் 12.05

முதலில் பட்டையை மாற்றுங்கள் அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பயந்து பின்வாங்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி நிற்கிற பட்டை இருக்கிறது, மார்ட்டிங்கேல் என்று கேளுங்கள். கூடவே உடம்புப் பட்டை ஒன்றும் போட்டு, இரண்டிலும் லீஷை மாட்டுங்கள். ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும்.

தோல் விஷயத்தில் அவர் சொன்னது பொய் இல்லை. இந்த வகை நாய்க்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, முடியும் கட்டை. லாப்ரடாருக்கு எச்சில் மட்டும் ஒட்டுகிற அதே கவ்வு இதற்குக் கிழிசலாகும். ஆனால் அது தெரிந்தவர் தன் நாயைத்தான் தள்ளி நிறுத்த வேண்டும்.

நானாக இருந்தால் மறுபடி அந்த மைதானத்தில் கால் வைக்க மாட்டேன்.


கால்நடை_டாக்டர் | ஞாயிறு, பகல் 1.30

தையல் போட்டாயிற்று, நல்லது. ஆனாலும் மிளகின் உடம்பு முழுவதையும் ஒருமுறை டார்ச் அடித்து, முடியை விலக்கிப் பாருங்கள். நாய்க்கடியில் வெளியே தெரிகிற ஓட்டை சின்னதாக இருக்கும். கோரைப்பல் உள்ளே போய்த் தோலைத் தசையிலிருந்து பிரித்துவிட்டு வந்திருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சீழ் கட்டி, நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்த பிறகு என்னிடம் தூக்கி வருகிறவர்கள்தான் அதிகம். வீங்கினாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, தையல் பிரிக்கும் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு நாய்களின் ரேபீஸ் ஊசிச் சீட்டையும் பார்த்தீர்களா? வெட்கப்படாமல் அந்த சாரிடம் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிளகுக்கு ஊசி நடப்பில் இருந்தாலும் ஒரு ஊக்க ஊசி போட்டுவிடச் சொல்வேன்.

பேண்டில் கவ்வப்பட்டவர் யாரோ, அவருக்காகவும் சொல்கிறேன். பேண்டைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். ரத்தம் வராத சின்னக் கீறல் என்றாலும் தடுப்பூசி உண்டு. பல் தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். எதுவானாலும் முதல் வேலை குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். 0, 3, 7, 28 ஆம் நாள்களில் தோலுக்குள் போடுவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். வீட்டு நாய்தானே, தினம் பார்க்கிற நாய்தானே என்று யாரும் சூதாட வேண்டாம். ரேபீஸ் வந்த பிறகு வைத்தியம் இல்லை.


ரோட்டி_ரசிகன் | ஞாயிறு, பிற்பகல் 3.15

மலினாய்ஸ் எல்லாம் கமாண்டோ நாய். இளகிய கையில் கொடுத்தால் இப்படித்தான். முள்ளுப் பட்டை போட்டு ரெண்டு சுண்டு சுண்டினால் ஒரே நாளில் நிற்கும். எங்கள் ரோட்வைலர் அப்படித்தான் திருந்தியது. நீங்களும் கையில் ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர், கிட்டே வந்தால் மூக்கில் ஒன்று.


கோவை_பயிற்சி | ஞாயிறு, இரவு 9.50

குழு வகுப்பு 11 வருடமாக நடத்துகிறேன். எனக்கும் இது சொந்தப் பிரச்சினைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரோட்டி ப்ரோவுக்கு. நாய் இன்னொரு நாயைப் பார்க்கிறது, அதே நொடியில் கழுத்தில் முள் குத்துகிறது. அது என்ன கற்றுக்கொள்ளும் என்று யோசியுங்கள். "கடிக்கக் கூடாது" என்றுதான் கற்கும் என்று என்ன நிச்சயம்? "அந்த நாய் தெரிந்தால் எனக்கு வலிக்கும்" என்றும் கற்கலாம். வலிக்கு முன்னால் தாக்கிவிடு என்பது அதற்கு அடுத்த பாடம். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. சத்தமில்லாமல் கவ்வுகிறது என்று மிளகு அம்மா எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. குட்டியாக இருக்கும்போது யாரோ அதட்டி அதட்டி வாயை அடைத்திருக்கலாம். இது ஊகம்தான், நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மூக்கில் அடிப்பது இன்னும் மோசம். குச்சியை ஓங்கினால் டைசனுக்கு அது விளையாட்டு ஆகிவிடும். ஆடுகிற எதையும் பிடிக்கிற வேகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. மூலத்தில் பெல்ஜியத்து ஆட்டு மந்தை நாய், இன்றைக்குச் சி.ஆர்.பி.எஃப். வரை வேலை பார்க்கிறது. ஓடுகிற காலைக் கவ்வுவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. வட்டமாக எல்லா நாயையும் ஓடவிட்டு அதைப் பின்னால் நிறுத்தினால் மந்தையைக் காட்டி மேய்ப்பனைச் சும்மா இரு என்று சொன்ன மாதிரி. தப்பு வகுப்பை அமைத்தவர்மேல்.

இனி உங்கள் மைதானத்துக் கணக்கு. சாதாரண லீஷ் 6 அடி. நாய் பாய்ந்தால் நம் கை முன்னால் போகும், அது ஒரு 2 அடி. ஆக ஒரு நாய் எட்டுகிற தூரம் 8 அடி. எதிர் நாயும் அவ்வளவு வரும். இரண்டு பேருக்கும் நடுவே 16 அடிக்குக் குறைந்தால் பல் எட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளுகிற லீஷ் என்றால் இந்தக் கணக்கே கிடையாது, அது 5 மீட்டர்கூடப் போகும். குழு வகுப்பில் அந்த லீஷை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். நான் வாங்கி வைக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது, இன்றைக்கே வீட்டில் ஆரம்பிக்கலாம். முதலாவது, திரும்பி நடப்பது. நடந்துகொண்டே இருக்கும்போது "வா வா" என்று கலகலப்பாகச் சொல்லி எதிர்ப்பக்கம் திரும்புங்கள், கூட வந்தால் தின்பண்டம். ஒரு நாளைக்கு இருபது தடவை, வீட்டு ஹாலிலேயே. ஆபத்து நேரத்தில் யோசிக்காமல் கால் திரும்ப வேண்டும், உங்களுக்கும் அவளுக்கும். லீஷை விறைப்பாக இழுத்துப் பிடிக்காதீர்கள், அந்த இறுக்கம் அவளுக்குத் தந்தி அடித்த மாதிரி.

இரண்டாவது, நீங்கள் நடுவில் நில்லுங்கள். நாய் உங்கள் இடப்பக்கம் என்றால் டைசன் எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். கை நீட்டித் தடுக்க வேண்டாம், உடம்பைக் குறுக்கே வைத்தால் போதும். மூன்றாவது, கைநிறையத் தின்பண்டத்தை எடுத்து வருகிற நாயின் மூஞ்சிக்கு நேராகத் தரையில் வீசுவது. பாதி நாய்கள் அதற்கே நின்றுவிடும். ஆனால் வீசிவிட்டு உடனே விலகிவிட வேண்டும், தரையில் கிடக்கும் துண்டுக்காக இரண்டும் மோதிக்கொள்ளும்.

பட்டனை அழுத்தினால் விரிகிற குடையும் நல்ல கேடயம். ஆனால் வீட்டில் பத்து நாள் மிளகுக்கு அதைப் பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் டைசன் நிற்கும், உங்கள் நாய் மேடவாக்கம் தாண்டிவிடும்.

டைசனைக் கவனிக்கவும் பழகுங்கள். கவ்வுவதற்கு முன்னால் வாய் மூடும். அதுவரை நாக்குத் தொங்க மூச்சு வாங்கிய நாய் திடீரென்று வாயை மூடி, உடம்பு கட்டையாகி, பார்வை ஒரே இடத்தில் குத்தி நின்றால் உங்களுக்கு ஒரு நொடியோ இரண்டு நொடியோ இருக்கிறது. மிளகும் அதற்கு முன்பே சொல்லியிருப்பாள். உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தலையைத் திருப்பி வெள்ளை விழி தெரியப் பார்ப்பது. அதைப் பார்த்ததும் வகுப்பை விட்டு விலகி நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். காசு கட்டியது நீங்கள்.

பயிற்சியாளரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "அடுத்த வாரம் டைசன் எங்கே நிற்கும், நான் எங்கே நிற்பேன், நடுவில் எத்தனை அடி?" தூரத்தைச் சொல்லி, கோன் வைத்துக் காட்டினால் போங்கள். "பழகிடும்" என்று சொன்னால் மிச்சப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழு வேண்டாம், அங்கே எழுதினால் எல்லோரும் கட்சி பிரிவார்கள், நாய் அங்கேயேதான் இருக்கும்.


ரோட்டி_ரசிகன் | ஞாயிறு, இரவு 10.20

சரி சார், அனுபவம் உங்களுக்கு அதிகம். ஆனால் எங்கள் நாய் நின்றதே?


கோவை_பயிற்சி | ஞாயிறு, இரவு 10.31

நின்றது ப்ரோ, ஒத்துக்கொள்கிறேன். இப்போது வேறு நாய் கிட்டே வந்தால் அதன் வாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.


நெறியாளர் | திங்கள், காலை 8.00

தனிச்செய்தியில் சிலர் எந்தப் பயிற்சிப் பள்ளி என்று கேட்கிறார்கள். பெயர் இங்கே வேண்டாம். சாரைப் பற்றியும் அடையாளம் தெரிகிற மாதிரி எழுத வேண்டாம்.


கறுப்புக்கோட்டு (மதுரை) | திங்கள், காலை 9.10

கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வராமல் போதிய கவனம் எடுக்காவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291 ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன்னால் இதுவே இ.பி.கோ. 289. ஆனால் அது மனிதருக்கு வருகிற ஆபத்தைப் பற்றியது. நாயை நாய் கடித்ததற்குச் செலவை வாங்கிக்கொண்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். மூன்று தையலுக்காக ஸ்டேஷனில் மூன்று நாள் உட்கார முடியாது.


லட்டு_அப்பா (திருச்சி) | திங்கள், இரவு 11.15

நான் அந்தப் பக்கத்து ஆள். கடிக்கிற நாயின் சொந்தக்காரன்.

எங்கள் லட்டு ஸ்பிட்ஸ். நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்பார்களே, அதுதான். ஏழு கிலோ. குழு வகுப்பில் பக்கத்து நாய்களின் காதை எட்டிக் கவ்வும். எல்லோரும் சிரிப்பார்கள், "குட்டி ரவுடி" என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். இதே லட்டு நாற்பது கிலோ ராஜபாளையமாக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டுக்கு வெளியே நின்றிருப்போம். ஆறு வாரம் யாரும் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் வந்தால் மெதுவாக நகர்ந்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து போகிற மாதிரி. எதற்கென்று புரியாமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

ஒரு அம்மா, பள்ளி ஆசிரியை, கடைசியில் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னார். "தம்பி, உங்க நாய் என் நாயை மூணு தடவை கடிச்சிருக்கு. வேணும்னு பண்ணலை, தெரியும். ஆனா என் நாய் இப்போ கார்லேருந்து இறங்கவே மாட்டேங்குது. அடுத்த வாரம் நீங்க அந்தக் கோடியில நிக்கிறீங்களா?" அவ்வளவுதான். கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வெட்கமாக மாறிவிட்டது. அவர் திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நடந்தது இது, எனக்கு வேண்டியது இது என்று மட்டும் சொன்னதால் பதில் சொல்ல இடமே இல்லை.

பிறகு டாக்டரிடம் காட்டினால் லட்டுக்கு இரண்டு காதிலும் சீழ். வேறு நாய் காதருகே வந்தாலே அதற்கு வலிக்கும் என்ற பயம். மருந்து பதினைந்து நாள். அதற்குள் பழகிப்போன வழக்கத்தை மாற்ற ஏழு மாதம்.

வாய்மூடி போட்டோம். களத்தில் போரடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடை கட்டுவார்களே, அந்த மாதிரிக் கூடை வடிவம்தான் வாங்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகை வேண்டாம், நம் ஊர் வெயிலில் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாமல் சூடேறிவிடும். கூடைக்குள் கெட்டித் தயிரைத் தடவி நக்கவிட்டோம். மூன்று வாரத்தில் கூடையை எடுத்தாலே ஓடிவந்து மூஞ்சியை நுழைக்கும். தெருவில் போனால் "ஐயோ, கடிக்கிற நாயா?" என்று ஒதுங்குவார்கள். ஒதுங்கட்டுமே, எங்களுக்கும் அதுதானே வேண்டும்.

அந்த சாரிடம் சொல்லுங்கள் அக்கா. மைதானத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். போனில், அல்லது வகுப்பு முடிந்த பிறகு. தெரியாமல் இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் தெரிந்திருக்கும்.


கன்னி_கோவில்பட்டி | செவ்வாய், காலை 6.40

லட்டு அண்ணனுக்கு ஒரு வணக்கம். இந்த மாதிரி ஒத்துக்கொள்கிற ஆளை இங்கே இப்போதுதான் பார்க்கிறேன்.

இழைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: வகுப்புக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து டப்பாவை மூடி வையுங்கள். அந்த உப்பு நாய்க்கு ஆகாது என்பது ஒரு பக்கம். அந்த வாசனைக்கு எட்டு நாயும் ஒரு ஆளின் இடுப்புப் பையைச் சுற்றி நின்றால் சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம். எங்கள் பக்கத்து ஊர் வகுப்பு ஒன்றில் அப்படித்தான் நடந்தது. கருவாட்டுக்காரரின் பேண்ட் பையே போய்விட்டது.


கால்நடை_டாக்டர் | செவ்வாய், பகல் 2.05

திடீரென்று கவ்வ ஆரம்பித்த நாய் என்றால் காது, பல், இடுப்பு எலும்பு, உண்ணிக் காய்ச்சல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். லட்டு அப்பா சொன்னது அரிதான கதை இல்லை. பத்து மாத மலினாய்ஸ் வேலையில்லாமல் அப்பார்ட்மென்டில் அடைந்து கிடந்தால் வலி இல்லாமலும் இதைச் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. "கடி" என்ற ஒரே வார்த்தைக்குள் எல்லாவற்றையும் போடுகிறோம். இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடியை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார். பல் படாத பாய்ச்சல் முதல் படி. பல் பட்டும் தோலைத் துளைக்காதது இரண்டு. ஒரே கடியில் நான்கு துளைவரை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லாதது மூன்று. அதற்கு மேல் ஆழம், பல கடி என்று ஏறி, ஆறாவது மரணம். மற்ற நாய்களிடம் டைசன் செய்தது இரண்டாம் படி. மிளகுக்கு விழுந்தது கிழிசல், துளை இல்லை. அவள் இழுத்ததால்கூட அப்படி ஆகியிருக்கலாம். திருத்த முடியாத நாய் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த படிக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.


மிளகு_அம்மா | 12 நாள் கழித்து, வெள்ளி இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. தையல் பிரித்தாயிற்று. சீழ் இல்லை. ஊசிச் சீட்டு இரண்டு நாய்க்கும் நடப்பில் இருக்கிறது. டைசன் பத்து நாளும் நன்றாகவே சாப்பிட்டு, நன்றாகவே கடித்துக்கொண்டு இருந்ததாம்.

பயிற்சியாளரிடம் "எத்தனை அடி" என்று கேட்டேன். "மேடம், நாய்ங்க பழகத்தானே குரூப் கிளாஸ்" என்றார். வாய்மூடி போடச் சொல்லலாமே என்றால், "மத்தவங்க பார்த்தா பயந்து கிளாஸை விட்டுடுவாங்க" என்றார். ஆக அவருக்கும் தெரிந்திருக்கிறது. மிச்சப் பணத்தைக் கேட்டேன். பாதிதான் வந்தது. அந்த மைதானத்துக்கு இனிப் போகப்போவதில்லை.

சாருக்குப் போன் செய்தேன். லட்டு அப்பா எழுதியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், சிரிக்காதீர்கள். "சார், டைசன் மிளகைக் கடிச்சதுல மூணு தையல். அவ இப்போ மைதானத்துக்கு வர மாட்டேங்கிறா. நீங்க நாய்க்கு வாய்மூடி பழக்கிட்டு, சின்ன லீஷ்ல கொண்டுவரணும்." முதலில் அதே பதில், விளையாட்டுக்குத்தாம்மா என்று. நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை. அப்புறம், "என் கையைப் பார்த்தீங்கன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்றார்.

நாய் அவருடையது இல்லை. பையன் எங்கேயோ வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. மூன்று மாதத்தில் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கே எடுத்த வீட்டில் நாய் வைக்க விடவில்லையாம். சாருக்கு முட்டி வலி. காலையில் பதினைந்து நிமிடம் நடக்க வைப்பார், மற்ற நேரமெல்லாம் பால்கனி. வகுப்பில் சேர்த்ததே வேறு வழி தெரியாமல்தான். ஊர் முழுக்க வணக்கம் சொல்கிறவர் வீட்டுக்குள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சம்சாரம் காயத்தைப் பார்த்தால் நாயை எங்காவது விட்டுவிடச் சொல்வார் என்று.

எனக்குக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மிளகு இன்றைக்கும் பழுப்பு நிற நாயைப் பார்த்தால் நடுங்குகிறாள். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்பது மாறிவிட்டது.

கோவை சார், தனியாக வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற, முள்ளுப் பட்டை போடாத பயிற்சியாளர் சென்னையில் யாராவது தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். செலவைப் பையனிடம் கேட்டு வாங்குவதாகச் சார் சொல்லியிருக்கிறார்.


கோவை_பயிற்சி | வெள்ளி, இரவு 11.05

இரண்டு பெயர் அனுப்பியிருக்கிறேன். அதுவரை சாருக்கு நடையைக் கூட்டச் சொல்லாதீர்கள், முட்டி தாங்காது. அந்த நாய்க்கு மூளையும் வாயும் களைக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் சுருட்டி, மொட்டை மாடியில் ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேட வைக்கட்டும். நீளக் கம்பு நுனியில் கயிறு கட்டி, அதில் துணியைக் கட்டி ஆட்டினால் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அதை ஓட வைக்கலாம். கேட்டால் விட வேண்டும், விட்டால்தான் மறுபடி ஆட்டம். வெயில் ஏறுவதற்கு முன்னால், பத்து நிமிடம் போதும்.

மிளகுக்கு ஒரு மாதம் குழு வகுப்பே வேண்டாம். சாதுவான, வயதான நாய் ஒன்றைக் கண்டுபிடித்து, தெருவின் இரண்டு ஓரத்திலும் ஒரே திசையில் நடங்கள். முகத்துக்கு முகம் வேண்டாம். அவள் தானாக நடுவுக்கு வருகிற நாள் வரும்.


லட்டு_அப்பா | சனி, காலை 7.20

பையனிடம் காசு வாங்குவது சரிதான். மாதம் ஒரு ஞாயிறு அவனே வந்து பிடிக்கட்டும் என்றும் சொல்லச் சொல்லுங்கள்.

கூடை வாய்மூடி வாங்குவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்கு ஒரு விரல் கீழ்வரை நீளம். பிறகு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது மூஞ்சியின் சுற்றளவு. வாய் மூடியிருக்கும்போது அளந்தால் சின்னதாகிவிடும், நாங்கள் முதல் கூடையை அப்படித்தான் வீணாக்கினோம்.


மிளகு_அம்மா | ஞாயிறு, காலை 9.15

இப்போது சார் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன், கம்பிக் கேட்டுக்கு வெளியே. மிளகு வீட்டில். சார் தையல்கார டேப்பை எடுத்து நீளத்தை அளந்துவிட்டார். சுற்றளவு எடுக்கப் போனபோது டைசன் டேப்பை இரண்டு துண்டாக்கிவிட்டது. எதிர்வீட்டில் தையல் மிஷின் இருக்கிறதாம், இன்னொரு டேப் கேட்டு வாங்கப் போயிருக்கிறார்.